இரண்டு மணிக்குக் கைமாறும் ஹெல்மெட்

மூக்கருக்கு மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சராசரி மூக்குதான். ஆனால் அது வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அதற்காகத்தான் எங்கள் கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து அவருக்கு அந்தப் பெயரை வைத்தோம். ஸ்டோர் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதே, "என்னண்ணே, நேத்து மிஞ்சுன சாப்பாட்டையே கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பார். என் டப்பா பையை விட்டு வெளியே வந்திருக்காது.

நான் அங்கே ஸ்டோர்க்காரன். பிழைக்கப் போன வெளிநாட்டில், மருந்து மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் மருந்து கொண்டுபோகிற கம்பெனி. இருபது வண்டி, நாற்பது ஆட்கள். காலை ஆறு மணிக்கு இருபது பேர் ஏறுவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்கி அடுத்த இருபது பேரிடம் வண்டியைக் கொடுப்பார்கள். சாவி, கையுறை, ஹெல்மெட் எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் போகும், வரும். அந்த நாட்டு மொழி எனக்கு நன்றாகவே வரும் என்பதால், அதிகாரிகள் வந்தால் ஆட்களுக்காக மொழிபெயர்க்கிற வேலையும் என்னுடையதுதான்.

அந்த நாட்டுச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் என்னென்ன போட்டிருக்க வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியிருந்தார்கள். ஹெல்மெட் வாரில் அங்கீகார முத்திரை தைத்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் ஒளிரும் ஸ்டிக்கர் வேண்டும். கையுறைக்குள்ளும் முத்திரை வேண்டும். கணுக்காலை மூடுகிற பூட்ஸ், வண்டிப் பெட்டியில் ஒளிரும் சட்டை. தரையில் ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி தலையில் வைக்கக் கூடாது. முதலாளி ஆளுக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தாக வேண்டும். ஆனால் போட்டிருக்கிற ஹெல்மெட் ஒழுங்கானதா என்பதற்குப் போட்டிருப்பவனே பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சட்டத்தில் எல்லாம் இருந்தது. நாற்றம் மட்டும் இல்லை. எங்கள் கம்பெனியில் வண்டிக்கு ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி கையுறை. அதை இரண்டு பேர் போட வேண்டும். காலைக்காரன் எட்டு மணி நேரம் வியர்வையில் ஊறவைத்துக் கழற்றினால், அந்தச் சூடு ஆறுவதற்குள் மாலைக்காரன் அதைத் தலையில் கவிழ்க்க வேண்டும். கையுறைக்குள் கையை விட்டால் ஈரமாக, வெதுவெதுப்பாக, முகம் தெரியாதவன் கையைப் பிடித்தது போலிருக்கும். நான் ஒருநாள் விட்டுப் பார்த்துவிட்டு மூன்று தடவை கை கழுவினேன்.

சொந்தமாக வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஹெல்மெட்டின் பின்னால் வண்டி எண் ஒட்டியிருக்க வேண்டும், அந்த ஹெல்மெட்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் சாவி கிடையாது என்று கம்பெனி விதி. மூக்கர் முதல் மாதமே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். மேனேஜர் அதை ஒரு விரலால் தள்ளி, "இது உங்க வீட்டு அலமாரியில அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

மூக்கர் ஊரில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் ஏழு வருடம் இருந்தவர். அறைகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிற படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடுகிற வேலை. எது சாதாரண அழுக்கு, எது எண்ணெய், எது வாந்தி, எது அதற்கும் மேல் என்று பார்க்காமலே முகர்ந்து பிரிப்பார். "மனுஷன் ராத்திரியெல்லாம் என்ன பண்றான்னு அந்த மூட்டைக்குத் தெரியும்ணே. எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கல்யாண வீட்டுல நாலு பேரு பக்கத்துல உக்கார முடியல" என்பார். காற்றோட்டமாக ஒரு வேலை வேண்டும் என்றுதான் வண்டி ஓட்ட வந்தார். வந்த இடத்தில் அடுத்தவன் தலையைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டார்கள்.

அவருடைய மனைவியிடம் நான் ஒருமுறை வீடியோவில் பேசியிருக்கிறேன். "கல்யாணத்தன்னைக்கு மணவறையில பக்கத்துல வந்து உக்காந்ததும் முதல் வார்த்தையா, தலைக்கு என்ன எண்ணெய் தேச்சேன்னு கேட்டாரு அண்ணா. மனுஷனா இவரு?" என்று அந்தத் தங்கச்சி சிரித்தார். இரண்டு பெண் குழந்தைகள் பின்னால் நின்று மூக்கைப் பொத்திக் காட்டின. மூக்கரும் சிரித்தார். அவர் ஓட்டுகிற வண்டியில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு வாய்த்த மாலைக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் ரெண்டு மணி. முப்பது வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்மண்டையில் முடி உதிர ஆரம்பித்திருந்தது. பெண் வீட்டார் தன்னைப் பார்ப்பதற்குள் முடியை முளைக்க வைத்துவிட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் வெங்காயச் சாறு தேய்ப்பான். எட்டு மணி நேரம் அந்தச் சாறும் வியர்வையும் ஹெல்மெட்டுக்குள் வெந்து, ராத்திரி முழுக்க என் அலமாரியில் ஊறி, காலையில் மூக்கர் தலைக்கு வரும். முடி மட்டும் முளைக்கவே இல்லை.

மூக்கர் காலை ஐந்தரைக்கே வந்துவிடுவார். பையில் சொந்தமாக ஒரு ஹேர் டிரையர். என் ஜன்னல் பக்கத்து பிளக்கில் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் காயவைப்பார். பிறகு டிஷ்யூ தாளை நான்காக மடித்து உள்ளே வரிசையாக அடுக்குவார். "என்னங்க, முடி செட் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் கேட்டிருக்கிறேன். அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, தண்ணீருக்குள் குதிக்கப் போகிறவரைப் போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போவார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு என் ஜன்னலில் தினமும் ஒரே பேச்சு.

"கழுவுடா. உன் கால்ல விழறேன், ஒரு தடவை கழுவுடா."

"நாளைக்குக் கண்டிப்பா கழுவிடறேண்ணே."

"நாலு வருஷமா நாளைக்குத்தானா?"

"காயாதுண்ணே. ஈரத்தோட மாட்டுனா இன்னும் நாறும்."

அவன் சொல்வதும் உண்மைதான். பதினாறு மணி நேரம் யாராவது ஒருவன் தலையில் இருக்கிற பொருள் எப்போது காயும்? மூக்கர் தானும் கழுவ மாட்டார், ஏழு வருடம் அடுத்தவன் அழுக்கைத் தொட்டது போதும் என்பார். ஆனாலும் அவனை வெறுத்தார். அவனுக்குச் சளி பிடித்தால் அவருக்குத் தெரியும். அவன் திருட்டுத்தனமாக சிகரெட் பிடித்த நாள் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் மட்டும் பார்க்கிற ஒருவனை அவனுடைய அம்மாவை விட அதிகமாகத் தெரிந்துவைத்திருந்தார். அதுவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்ததைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கே எனக்கு நாக்கு கூசுகிறது. என் ஸ்டோரின் உள்ளறையில் நாற்பது புது ஹெல்மெட் இருந்தது. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், டேப் ஒட்டி. வருடத்துக்கு இரண்டு முறை போக்குவரத்துத் துறையிலிருந்து ஒரு அம்மா சோதனைக்கு வருவார். அன்றைக்கு இரண்டு ஷிப்ட் ஆட்களும் காலையிலேயே வர வேண்டும். உறையைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகத் தலையில் வைப்பேன். அதற்கு முன்னால் எல்லோருக்கும் காகிதத் தொப்பி மாட்டிவிடுவேன், வியர்வை படக் கூடாதல்லவா? அந்த அம்மா வரிசையாகப் பார்த்து, எண்ணி, கையெழுத்துப் போட்டுப் போனதும், எல்லாவற்றையும் பிடுங்கி, துடைத்து, மறுபடி உறை, மறுபடி டேப். ஐந்து வருடமாக அவை புதுசாகவே இருந்தன. ஒருமுறை அந்த அம்மா காகிதத் தொப்பியைப் பார்த்துவிட்டு, "சுகாதாரம் மிகச் சிறப்பு" என்று தாளில் எழுதிவிட்டுப் போனார். அந்தத் தாளை மேனேஜர் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். நான்தான் ஆணி அடித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, டிரையரைச் செருகப் போன மூக்கர் அப்படியே நின்றார். ஹெல்மெட்டை முகத்தருகே கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார்.

"அண்ணே, இங்க வாங்க. மோந்து பாருங்க."

"காலங்காத்தால என்னை ஏன்யா கொல்ற?"

"அட வாங்கண்ணே."

போய் முகர்ந்தேன். குழந்தைகளுக்குத் தேய்க்கிற ஷாம்பு வாசனை. உள்பஞ்சு வெள்ளை வெளேரென்று, நன்றாகக் காய்ந்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கழுவியிருக்கிறான். மூக்கர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பய திருந்திட்டாண்ணே" என்று சொல்லிக்கொண்டு, டிஷ்யூ வைக்காமலே மாட்டிக்கொண்டு போனார். மத்தியானம் அவனுக்காக ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தார். ரெண்டு மணி அதை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வெட்கப்படுகிறான் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஷாம்பு வாசனைதான். ராத்திரி வண்டியை விட்டதும் பஞ்சைக் கழற்றி அலசி, கைகழுவும் இடத்துச் சூட்டுக்காற்று மெஷினில் காயவைத்து மாட்டிவிட்டுப் போனான். வாரக் கடைசியில் மூக்கருக்கு மனசு கேட்கவில்லை. அவன் இத்தனை செய்கிறானே, பதிலுக்கு நாமும் ஒரு தடவை கழுவிக் கொடுப்போம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை ஐந்து மணிக்கே வந்து ஜன்னலைத் தட்டினார். கையில் பஞ்சு தனியாக, ஓடு தனியாக இருந்தது.

"அமுக்கிப் பாருங்கண்ணே."

பஞ்சுக்கு அடியில் இருக்கிற வெள்ளைத் தெர்மோகோல் பின்மண்டையிலிருந்து காது வரை ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அமுக்கினால் நறநறவென்றது. பிளவுக்குள் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. என்னவென்று நான் கேட்கவில்லை. வெளியே திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் ஓடு முழுக்கத் தார் தேய்த்த சிராய்ப்பு. சட்டம் ஒட்டச் சொன்ன ஸ்டிக்கரை வைத்தே மறைத்துவிட்டான்.

"ஒரு புதுசு குடுங்கண்ணே" என்றார் மூக்கர். என் முதுகுக்குப் பின்னால்தான் பார்த்தார்.

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

கேட்டேன். மேனேஜர் நம்ம ஆள்தான், நம்ம மொழிதான், அதனால் எல்லாம் தெளிவாகவே புரிந்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸுக்கு எழுத வேண்டும். எழுதினால் அடுத்த வருடம் அவர்கள் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள். ஆகவே விழுந்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் கம்பெனி வழக்கம். "யாரு விழுந்தான்னு பேரைச் சொல்லச் சொல்லு. சொன்னா புதுசு எடுத்துக் குடு. சொல்லலைன்னா யாரும் விழல, ஹெல்மெட்டும் உடையல" என்றார். காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தக் காபி வாசனையே பிடிக்காமல் போனது.

அன்று இரண்டு மணிக்கு ஜன்னலில் மூக்கர் ரெண்டு மணியின் சட்டையைப் பிடித்தார்.

"எப்படா விழுந்த?"

"அண்ணே, மெதுவா..."

"எப்படா?"

"போன சனிக்கிழமைக்கு முந்துன சனிக்கிழமை. ரவுண்டானாவுல எண்ணெய் கொட்டிக் கெடந்துச்சு. நானே எந்திரிச்சு ஓட்டிட்டு வந்துட்டேண்ணே. தனியா ஒரு டாக்டர்கிட்ட தையல் போட்டேன்." முடியை விலக்கிக் காட்டினான். ஆறு தையல். வெங்காயச் சாறு தேய்க்கிற மண்டையில் அது மட்டும் பளபளவென்று இருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேலை போயிடும்ணே."

"சொல்லாட்டி என் தலை போயிடும்டா! அப்புறம் எதுக்குடா தெனம் கழுவுன? பாவத்தக் கழுவுனியா?"

அவன் அழுதுகொண்டே சொன்னான். "ரத்த வாடை உங்க மூக்குக்குத் தெரிஞ்சுடும்ணே, பஞ்சக் கழட்டுவீங்க. கழட்டுனா பார்த்துடுவீங்க. அதான் நானே கழுவி வெச்சேன்."

மூக்கர் சட்டையை விட்டுவிட்டார். கையை உதறிக்கொண்டார். அவனை அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெயரைச் சொல்வதா, உடைந்ததைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதா? சோதனைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் அவர் ஓட்டினார். ரெண்டு மணி நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தான், மன்னிப்புக் கேட்பது போல. காலையில் அந்த ஷாம்பு வாசனை வந்ததும் மூக்கருக்குக் குமட்டும். இரண்டு நாள் என் ஜன்னலுக்கு வெளியே போய் வாந்தியே எடுத்தார். "வெங்காயமே தேவலாம்ணே. அப்ப நாத்தம்தான் இருந்துச்சு, ஹெல்மெட் முழுசா இருந்துச்சு" என்றார். வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. மருந்து தாமதமாகிறது என்று மூன்று கடையிலிருந்து புகார் வந்தது. பின்னால் உறையில் நாற்பது ஹெல்மெட் இருக்க, நான் அந்தப் புகார்களை ஒழுங்காக ஃபைலில் கோத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை நாள் வந்தது. காகிதத் தொப்பி மாட்டினேன். உறை பிரித்தேன். நாற்பது பேரும் முற்றத்தில் புது மாப்பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். அந்த அம்மா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்களோடு பேசுவதற்கு மேனேஜர் மொழிபெயர்க்கக் கூடாது, வேறொருவர்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய விதி. நல்ல விதி. அந்த வேறொருவன் நான்.

அந்த அம்மா தன் முன்னால் வந்ததும் மூக்கர் புது ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். காகிதத் தொப்பியையும் கழற்றினார். நேராக அலமாரிக்குப் போய், பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, பஞ்சை உரித்தார். அந்த அம்மா கட்டைவிரலால் அமுக்கினார். நறநறவென்றது.

இதை யார் போடுகிறார்கள் என்று அவர் கேட்டார். "நான்" என்றார் மூக்கர். யார் விழுந்தது? அவர் யோசிக்கவே இல்லை. "நான்." வரிசையின் கடைசியில் ரெண்டு மணி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தப் பொய்யை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். கஷ்டமாக இல்லை.

புது ஹெல்மெட் இருக்கும்போது உடைந்ததை ஏன் போட்டீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகத்தான் கேட்டார், அக்கறையான கோபம்.

"இந்தப் புதுசெல்லாம் இன்னைக்கு மட்டும்தான், அந்தம்மா போனதும் பிடுங்கிக்குவாங்கன்னு சொல்லுங்கண்ணே" என்றார் மூக்கர்.

மேனேஜர் அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு ஐம்பத்தாறு வயது. இன்னும் இரண்டு வருடம் அங்கே ஓட்டினால் ஊருக்குப் போய்விடலாம். நான் வாயைத் திறந்து, "பழையது பழகிவிட்டதாம், புதியது தலைக்கு இறுக்கமாக இருக்கிறதாம்" என்று அந்த நாட்டு மொழியில் சுத்தமாகச் சொன்னேன்.

அதோடு முடிந்தது. கம்பெனி ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறது, தாளில் இருக்கிறது, கண்ணுக்கு முன்னாலும் இருக்கிறது. போட்டிருப்பவனே பொறுப்பு. மூக்கரின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். லைசென்ஸ் இல்லாதவனுக்குக் கம்பெனியில் வேலை கிடையாது. விழுந்தவனுக்கும் கிடையாது. இரண்டும் அவரே. எங்களுக்கு மறுபடியும் "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அவர் கையுறை, ஒளிரும் சட்டை, பூட்ஸ் எல்லாம் என் ஜன்னலில் ஒப்படைத்தார். டிரையரைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அவன் பேரச் சொல்லிருக்கலாமே, ஏன்யா உன் பேரச் சொன்ன?" என்று கேட்டேன். என்னை நானே பேச்சில் மறைத்துக்கொள்ளத்தான் கேட்டேன்.

"அவன் பேரச் சொன்னா ஆயுசுக்கும் அவன நெனச்சுட்டே இருக்கணும்ணே. நாலு வருஷம் அவன் தலைய என் தலையில வெச்சுகிட்டேன். போதும்." பிறகு கேட்டார். "நான் சொன்னத அந்தம்மாகிட்ட அப்படியே சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன்யா. அவங்க நம்பல."

அவர் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார். நான்கு வருடத்தில் அந்த நாட்டு மொழியில் "பழையது", "புதியது" என்கிற அளவுக்கு அவருக்கும் தெரிந்திருக்கும். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என் மேலேயே நாற்றம் அடித்தது. அன்றைக்கு வீட்டில் எவ்வளவு குளித்தும் போகவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை என்று பிறகு தெரிந்தது. அதே நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்துவிட்டார். எதைவிட்டு ஓடி வந்தாரோ அதிலேயே. ரெண்டு மணியின் வண்டிக்கு வேறு கிளையிலிருந்து ஒரு பழைய ஹெல்மெட் வந்தது, அதைக் காலையில் ஓட்டப் புது ஆளும் வந்தான். ரெண்டு மணி தினமும் என்னிடம் மூக்கரின் போன் நம்பர் கேட்பான். "கேட்டு என்ன பண்ணப் போற?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டேன். மறுநாளும் வந்து கேட்டான். எனக்கு அவனைத் திட்டுகிற யோக்கியதை இல்லை.

ஆறு மாதம் போனது. அடுத்த சோதனைக்கு முந்தைய நாள், காகிதத் தொப்பி டப்பாவைத் தூக்கிக் குப்பை லாரியில் போட்டேன். கோடைக்காலம், காலையிலேயே வெயில் கொளுத்தியது. புது ஹெல்மெட்டை வெறும் தலையில் வைத்துவிட்டேன். தொப்பி எங்கே என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். "ஸ்டாக் தீர்ந்துபோச்சு சார்" என்றேன். சோதனை முடிந்து, வழக்கம்போல் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு அவர் மாடியில் காபி சாப்பிடப் போனார்.

நான் காலைக்காரர்கள் இருபது பேரிடமும் சாவியைக் கொடுத்தேன். "கழட்டாதீங்க. அப்படியே கெளம்புங்க." பழைய ஹெல்மெட்டிலிருந்து வண்டி எண்ணை உரித்து ஒவ்வொன்றின் பின்னாலும் ஒட்டினேன். மாலைக்காரர்கள் இருபது பேரை முற்றத்தில் வெயிலில் உட்காரவைத்தேன். "மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தன் தலையிலேர்ந்தும் ஹெல்மெட் எறங்கக் கூடாது. எறக்குனா அவனுக்குப் பழசுதான்." விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. இருபது பேர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து சீட்டாடினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ரெண்டு மணி மட்டும் சீட்டாடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

காபி முடிந்து, அந்த அம்மாவைக் கம்பெனி வாசல் வரை வழியனுப்பிவிட்டு, சாப்பாடும் முடித்து மேனேஜர் இறங்கி வருவதற்குள் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. காலைக்காரர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். "எல்லாத்தையும் தொடச்சு உறையில போடு" என்றார். நான் ரெண்டு மணியின் ஹெல்மெட்டை வாங்கி அவர் மேஜையில் கவிழ்த்தேன். "ஒரு தடவை மோந்து பாருங்க சார். இதுக்கு உறை போட்டு ஆறு மாசம் மூடி வெச்சா, அடுத்த தடவை அந்தம்மா கிட்ட வந்து பார்க்கும்போது என்ன சொல்றது?"

அவர் முகத்தைக் கொண்டுபோனார். வெங்காயச் சாறும் கோடை வியர்வையும். "சீ!" என்று நாற்காலியோடு பின்னால் போய், கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு." அப்படியாக எங்கள் கம்பெனியில் சட்டம் அமலுக்கு வந்தது. என்னிடமிருந்து ஸ்டோர் சாவியைப் பிடுங்கி, வாசலில் மருந்துப் பெட்டி எண்ணுகிற வேலையில் நிறுத்தினார்கள். ஊர் திரும்புகிற வரை அங்கேதான் நின்றேன்.

அன்று சாயங்காலமே மூக்கருக்குப் போன் செய்தேன். பின்னால் சலவை மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. முதலில், அன்றைக்கு நான் மொழிபெயர்த்தது என்ன என்பதைச் சொன்னேன். "தெரியும்ணே" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. பிறகு ஆளுக்கு ஒரு ஹெல்மெட் கிடைத்த கதையைச் சொன்னேன். 

"அவனுக்கும் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. தனியா, அவனுக்கே அவனுக்குன்னு."

"இப்பவாவது கழுவுறானா?"

"எங்கய்யா! மேனேஜர் நாற்காலியோட பின்னால போயிட்டாரு. அவ்வளவு நாறுது."

மெஷின் ஒன்று சுற்றி நிற்கிற சத்தம் கேட்டது. 

"நாறட்டும்ணே" என்றார். "நாறட்டும்."